கற்பனை மொழிக்குச் சொல் உண்டாக்குவது: வேரிலிருந்து தொடங்குங்கள்

கதைக்கென்று ஒரு மொழி உருவாக்குபவர்கள் பெரும்பாலும் அகராதியைத் திறந்து, 'நீர்', 'தீ', 'அரசன்' என்று ஒவ்வொன்றுக்கும் காதுக்கு இனிமையான ஓர் ஒலியை எழுதிக்கொண்டே போவார்கள். ஐம்பது சொல் தாண்டியதும் மொழி வெளிறிவிடும், ஏனென்றால் எந்தச் சொல்லுக்கும் உறவு இருக்காது. முதலில் அந்த மொழி பிறந்த பழைய தாய்மொழி ஒன்றை அமைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து சொற்கள் தேய்ந்து வரட்டும்.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீன், தம் கதைகளில் வரும் எல்ஃப் இனத்தாரின் மொழிகளை இப்படித்தான் கட்டினார். 1930களில் அவர் தொகுத்த வேர்ச்சொல் பட்டியல் 1987இல் அச்சேறியது. அதில் 'சொல்லுதல்' என்னும் பொருளுடைய வேர் க்வெட். அந்த மொழிகளில் ஒன்றான க்வென்யாவில் அது க்வெட் ஆகவே நிற்கிறது. இன்னொன்றான சிந்தாரினில் க்வ என்பது ப ஆகிவிடுவதால் பெட். அதே விதி அன்னப்பறவைக்கும் பொருந்துகிறது: க்வென்யாவில் அல்க்வா, சிந்தாரினில் அல்ஃப். லகரத்துக்குப் பின் வந்த ப மேலும் மெலிந்து ஃப ஆனது. பால் கன்னடத்தில் ஹாலு, பள்ளி ஹள்ளி என்று அறிந்தவர்களுக்கு இந்த ஒழுங்கின் சுவை சட்டென்று பிடிபடும்.

நாற்பது வேர்கள் போதும். ஒவ்வொன்றின் பொருளையும் அகலமாக வையுங்கள்: 'விளக்கு' வேண்டாம், 'ஒளிர்தல்' என்று எழுதுங்கள். விளக்கு, விடியல், புகழ் மூன்றும் அதிலிருந்தே கிளைக்கலாம். செய்பவர், கருவி, இடம் ஆகியவற்றைக் காட்ட மூன்று நான்கு விகுதிகள் சேருங்கள்.

அடுத்து ஒலிமாற்ற விதிகள். ஐந்தாறு போதும், ஆனால் வரிசை எண் கட்டாயம். பலர் இடறும் இடம் இதுதான். இரண்டு விதிகளை எடுத்துக்கொள்வோம்:

1. இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் ஸ, ர ஆகும்.
2. சொல்லின் கடைசி உயிர் உதிரும்.

தாய்ச்சொல் 'நோஸா'. இந்த வரிசையில் நோஸா, நோரா, நோர். வரிசையை மாற்றினால் முதலில் 'நோஸ்' ஆகிவிடும். பின்னால் உயிர் இல்லாததால் ரகர விதிக்கு அங்கே வேலையே இல்லை. ஒரே வேரில் இரண்டு கிளைமொழிகள் வேண்டுமென்றால் வரிசையை மாற்றினாலே போதும், அழகாகப் பிரியும்.

எக்செல் தாளில் தாய்ச்சொல்லுக்கு ஒரு பத்தி, ஒவ்வொரு விதிக்கும் ஒரு பத்தி, கடைசியில் இன்றைய வடிவமும் பொருளும். தாய்ச்சொல் பத்தியை ஒருபோதும் அழிக்காதீர்கள். பின்னாளில் விதியைத் திருத்தினால் அங்கிருந்துதான் மறுபடி ஓட்ட வேண்டும்.

விளைவு காதுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு சொல்லை மட்டும் கையால் திருத்த ஆசை வரும். வேண்டாம். வேரை மாற்றுங்கள், அல்லது அந்தச் சொல் பக்கத்து நாட்டிலிருந்து பிந்தி வந்த கடன்சொல் என்று குறித்துக்கொள்ளுங்கள். விதி ஓய்ந்தபின் வந்த சொல்லை அந்த விதி தொடாது. அதனால் கப்பல், காசு, சமயம் சார்ந்த சொற்களில் சில விதிக்கு அடங்காமல் நின்றால், யாரோடு வாணிபம் நடந்தது, எப்போது நடந்தது என்பதைச் சொல்லே காட்டிக்கொடுக்கும்.

இரண்டு சொற்கள் தேய்ந்து ஒரே ஒலியாகிவிட்டால் பதறாதீர்கள். குழப்பம் வரும் இடத்தில் ஒன்றைக் கூட்டுச்சொல்லாக்குங்கள். 'கண்' என்பதும் 'கிணறு' என்பதும் ஒன்றாகிவிட்டால், கிணற்றை 'நீர்க்குழி' என்று அந்த மக்கள் அழைக்கத் தொடங்கியிருப்பார்கள்.