பழைய கார் இன்ஜினில் கை வைக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய கார் ஒன்றை வாங்கினால், அதில் முன்பு கை வைத்த அத்தனை பேரின் வேலையும் இன்ஜினோடு சேர்ந்தே வருகிறது. கிளிப்பை மாட்டாமல் விட்டவர், கேஸ்கெட் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போட வேண்டிய இடத்தில் பசையைத் தடவியவர், போல்ட் கிடைக்காமல் கம்பி வைத்துக் கட்டியவர் என்று யார் யாரோ இருப்பார்கள். எது கம்பெனி மாட்டியது, எது பிறகு வந்தது என்பது நமக்குத் தெரியாது. ஊகத்தில் பாகம் மாற்றுவது எந்தக் காரிலும் தவறுதான். வரலாறு தெரியாத காரில் அது இன்னும் பெரிய தவறு.

என் பழைய காரில் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம், நிலையாக நிற்காமல் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. வண்டி நின்றால் இன்ஜின் குலுங்கும், ஆர்.பி.எம். முள் ஊசலாடும். ஸ்கேனரில் பி0171 என்று கோடு, அதாவது காரின் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும் பழுது எண், வந்தது. எரியும் கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்பது அதன் அர்த்தம். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினேன். குலுக்கல் அப்படியே இருந்தது. அப்புறம் பெட்ரோல் பம்பை மாற்றினேன். அதுவும் பலிக்கவில்லை. கடைசியில் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்துக்கொண்டு, மறுமுனையை இன்ஜினுக்குள் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டைச் சுற்றி மெல்ல நகர்த்திப் பார்த்தேன். பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், 'உஸ்ஸ்' என்று சத்தம். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு வாக்குவம் ஹோஸ் வளைவில் வெடித்திருந்தது. விரலால் பொத்தினேன். முள் அசையாமல் நின்றது.

ஆக்சிஜன் சென்சார் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. காற்று அதிகம் என்று உண்மையைச் சொன்ன பாகத்தையே நான் கழற்றிப் போட்டிருக்கிறேன். கணக்கு எங்கே தப்பியது என்பதைத்தான் கோடு காட்டும், எந்தப் பாகம் கெட்டது என்பதை அது சொல்வதில்லை. அதே பி0171 வாக்குவம் கசிவாலும் வரும், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்தாலும் வரும், பெட்ரோல் ஃபில்டர் அடைத்தாலும் வரும். பி0420 வந்தவுடன், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரை மாற்றுகிறவர்கள் நிறைய. அது தானாகச் செத்ததா, அல்லது இன்ஜின் ஆயிலைக் குடித்தும் மிஸ் ஆகியும் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது) அதைக் கொன்றதா என்று முதலில் பார்க்க வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

ஸ்கேனரை மாட்டியதும் கோடை அழிப்பது இன்னொரு அவசரம். கோடு விழுந்த நேரத்தில் இன்ஜின் என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு லோடில் ஓடியது என்ற விவரமும் அதோடு பதிந்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கார் வாங்கப் போகும்போதும் ஸ்கேனர் உதவும். கோடு எதுவும் இல்லை, ஆனால் காரின் கம்ப்யூட்டர் தானே செய்யும் சுயசோதனைகள் பலவும் 'முடியவில்லை' என்று காட்டினால், சமீபத்தில் யாரோ கோடை அழித்திருக்கலாம் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கலாம். ஏன் என்று விற்பவரிடம் கேளுங்கள். இன்ஜின் விளக்கு நிலையாக எரிவது ஒன்று, விட்டுவிட்டு மினுக்குவது வேறு. மினுக்கினால் எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குள் போகிறது என்று அர்த்தம், கன்வெர்ட்டர் உருகிவிடலாம். அந்த நிலையில் வண்டியை விரட்டாதீர்கள்.

ஒரு சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் கண்டுபிடிக்கச் செலவே இல்லாத வழி இருக்கிறது. பி0301 என்றால் முதல் சிலிண்டர். பிளக்குக்குத் தீப்பொறிக்கான மின்சாரம் கொடுக்கும் அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவது சிலிண்டரில் போடுங்கள், மூன்றாவதில் இருந்ததை முதல் சிலிண்டரில் போடுங்கள். ஓட்டிப் பார்த்தபின் கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாமல் முதல் சிலிண்டரிலேயே நின்றால் பிளக், பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தம்) என்று வரிசையாகப் போகலாம். காயிலைக் கழற்றும்போது பிளக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் தேங்கியிருந்தால் வால்வ் கவர் பக்கத்து சீல் கசிகிறது. அதைச் சரி செய்யாமல் போடும் புதுக் காயிலும் நெடுநாள் உழைக்காது.

இன்ஜின் பழுது என்று நினைப்பதில் கணிசமானவை கரண்ட் பழுதுகள். செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறது, சம்பந்தமே இல்லாத நாலு கோடுகள் ஒன்றாக விழுகின்றன என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். இரண்டும் சரி என்றால் இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் கேபிளைப் பாருங்கள். பழைய கார்களில் அதன் முனை பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய்க் கிடக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்கினாலே சில கோடுகள் திரும்பி வராது. ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. வோல்டேஜ் திடீரென்று எகிறி கம்ப்யூட்டரையே எரித்துவிடக்கூடும். யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

அதிகம் பயப்பட வேண்டியது ஓவர்ஹீட்டுக்குத்தான். டெம்பரேச்சர் முள் மேலே ஏறும்போது 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டுவதில்தான் நல்ல இன்ஜின்கள் சாகின்றன. சிலிண்டர்களை மேலிருந்து மூடும் அலுமினிய ஹெட் சூட்டில் வளைந்துவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும், தண்ணீரும் ஆயிலும் கலக்கும். ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, ஆற விடுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். சூடான பிளாக்கில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடலாம். முள்ளை மட்டும் நம்புவதும் ஆபத்து. கூலன்ட் நிறைய வற்றிவிட்டால் சென்சார் வெறும் காற்றில் நிற்கும், முள் இறங்கியதுபோலக்கூடக் காட்டும்.

சூடேறும் காருக்கு, ரேடியேட்டருக்குக் கூலன்ட் போகும் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதை வைத்தியமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. தெர்மோஸ்டாட் பொதுவாக 82 முதல் 90 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், அதுவரை இன்ஜினைச் சீக்கிரம் சூடாக்குவதே அதன் வேலை. அது இல்லாவிட்டால் இன்ஜின் வெகுநேரம் குளிர்ந்தே ஓடும். இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகம் விடும், அது ஆயிலில் இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்யும், தேய்மானம் கூடும். சூடேற்றத்துக்கு உண்மையான காரணம் அடைத்த ரேடியேட்டரோ, ஓடாத ஃபேனோ, தேய்ந்த வாட்டர் பம்போ, அது அப்படியே இருக்கும். கூலன்ட் மாற்றியபின் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்ற மறப்பதும் உண்டு. புதுசாக எல்லாம் போட்டும் சூடேறுகிறது என்று புலம்புகிறவர்கள் முதலில் அதைப் பார்க்கலாம்.

ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பதறி ஹெட்டைக் கழற்றிவிடாதீர்கள். குறைந்த தூரமே ஓடும் காரில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் வரும் ஆயிலும் பால் கலந்த நிறத்தில் இருக்கிறதா, கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று சேர்த்துப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் அதிகம்.

சத்தத்தை அடக்கக் கெட்டியான ஆயில் ஊற்றுவது, கசிவை அடைக்க ரேடியேட்டரில் மருந்து ஊற்றுவது இரண்டும் நோயை மூடி வைக்கும் வேலை. அந்த மருந்து ஹீட்டரின் சன்னமான குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடக்கூடும்.

கை வேலையில் இரண்டே விஷயம். அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கை இன்ஜின் ஆறியபின் மட்டும் கழற்றுங்கள், மாட்டும்போது முதல் சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள், இல்லையென்றால் மரை போய்விடும். அப்புறம், ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். ஸ்டாண்ட் கொடுக்காமல் காருக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள்.

பெரிய செலவில் இறங்கும் முன் இரண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கும் டைமிங் பெல்ட். செயின் இல்லாமல் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால், எப்போது மாற்றியது என்பதற்கு ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று எடுத்துக்கொண்டு முதல் வேலையாக அதைச் செய்யுங்கள். பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் மோதி வளைத்துவிடும். இரண்டாவது கம்ப்ரஷன் சோதனை. எல்லா சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் குறைந்தால் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். அளவு ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வ் பக்கம் கோளாறு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம்.