ஊழியர்களின் இணையத்தையும் மெயிலையும் கண்காணிக்கச் சொல்கிறார்களா? எங்கே தொடங்குவது, எங்கே நிறுத்துவது

நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தால் ஒருநாள் இது வந்தே தீரும். மேனேஜர் ஒருவர் வந்து நின்று, "அவர் நாள் முழுக்க என்னதான் பார்க்கிறார், கொஞ்சம் எடுத்துக் கொடுங்களேன்" என்பார். எடுப்பது பத்து நிமிட வேலை. கொடுக்கலாமா கூடாதா என்று அந்த நேரத்தில் நின்று யோசிக்க முடியாது, கேட்பவர் உங்கள் சம்பள உயர்வில் கையெழுத்துப் போடுபவராகவும் இருக்கலாம். அதனால் யாரும் கேட்பதற்கு முன்பே விதிமுறைகளை எழுதி, நிர்வாகத்திடம் கையெழுத்து வாங்கி வைத்துவிடுங்கள்.

முதலில், எதற்காகக் கண்காணிக்க வேண்டும் என்று கேளுங்கள். நெட் மந்தமாக இருக்கிறது, வைரஸோ ஃபிஷிங் மெயிலோ (ஏமாற்றி பாஸ்வேர்டைப் பறிக்கும் மெயில்) உள்ளே வருகிறது, வாடிக்கையாளர் பட்டியல் வெளியே போகிறதோ என்று சந்தேகம், இவையெல்லாம் நியாயமான காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கருவி இருக்கிறது. "வேலை செய்கிறாரா என்று பார்க்க வேண்டும்" என்பது காரணமானால் மறுத்துவிடுங்கள், அது நெட்வொர்க் லாகில் (எந்தக் கணினி எப்போது எந்தத் தளத்துக்குப் போனது என்று தானாக எழுதப்படும் பதிவு) தெரியாது. உண்மையிலேயே தெரியாது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் விளம்பரம், புள்ளிவிவரம், சமூக ஊடக பட்டன் என்று அவர் கேள்விப்பட்டே இராத பத்துப் பதினைந்து டொமைன்களுக்கு (தள முகவரிகளுக்கு) பிரவுசர் தானாகவே போய்வரும், காலையில் திறந்து மறந்துபோன டேப் ஒன்று சாயங்காலம் வரை தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டிருக்கும். லாகை மட்டும் வைத்துப் பார்த்தால் மனிதர் எட்டு மணி நேரம் ஃபேஸ்புக்கில் கிடந்தது போல இருக்கும். இந்த ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டால் நாளைக்கு அதை விளக்கப்போவது நீங்கள்தான்.

அடுத்தது விதிமுறை. இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள். எதெல்லாம் பதிவாகிறது, அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் இருக்கும், சொந்த வேலைக்கு எவ்வளவு பயன்படுத்தலாம், எந்தச் சூழ்நிலையில் ஒருவருடைய மெயிலையே திறந்து படிப்போம், இவ்வளவு இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். ருமேனியாவில் ஒரு நிறுவனம் 2007-இல் எஞ்சினியர் ஒருவரின் யாஹூ மெசஞ்சர் உரையாடல்களைப் பதிவுசெய்து, அதை வைத்து அவரை நீக்கியது. வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்வதற்காகத் திறந்த கணக்கு அது, ஆனால் சகோதரரோடும் வருங்கால மனைவியோடும் பேசியதும் அதில் இருந்தது. அலுவலகக் கணினியைச் சொந்த வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி அங்கே ஏற்கெனவே இருந்தது. இருந்தும் 2017-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு 11-க்கு 6 என்ற கணக்கில் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது: முன்கூட்டியே சொன்னார்களா, எவ்வளவு தூரம் பார்த்தார்கள், இதைவிடக் குறைவாகத் தலையிடும் வழி இருந்ததா என்பதையெல்லாம் உள்நாட்டு நீதிமன்றங்கள் சரியாக ஆராயவில்லை என்று. ஆக, "சொந்த வேலை கூடாது" என்று எழுதியிருப்பது "உங்கள் மெயிலைப் படிப்போம்" என்று எழுதியதாக ஆகாது. நியூயார்க் மாநிலத்தில் 2022 மே முதல், மின்னணுக் கண்காணிப்பு உண்டு என்பதை வேலையில் சேரும்போதே எழுத்தில் தெரிவித்து, தெரிந்துகொண்டதாக ஊழியரின் ஒப்புகையைப் பெற்று வைக்க வேண்டும் என்பது சட்டம். உங்கள் நாட்டுச் சட்டம் வேறு மாதிரி இருக்கலாம், விதிமுறையை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

சரி, கருவிகளுக்கு வருவோம். நெட் மந்தம் என்றால் நெட்ஃப்ளோ மாதிரியான கணக்கு போதும்: எந்தக் கணினியிலிருந்து எங்கே எத்தனை பைட் போனது என்பது மட்டும் தெரியும், உள்ளே என்ன என்று தெரியாது. ரிப்போர்ட்டைப் பிரிவு வாரியாக எடுங்கள், ஆள் வாரியாக வேண்டாம். வைரஸ், ஃபிஷிங் பயம் என்றால் மோசமான டொமைன்களை டிஎன்எஸ் (தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை) மட்டத்திலேயே தடுத்துவிடுங்கள். தடுத்துவிட்டால் யார் போனார் என்று தேட வேண்டிய அவசியமே பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

இப்போது ஏறக்குறைய எல்லாத் தளமும் எச்டிடிபிஎஸ் (குறியாக்கிய இணைப்பு) என்பதால் ஃபயர்வாலுக்கு (உள்ளே வருவதையும் வெளியே போவதையும் சோதிக்கும் பெட்டிக்கு) பொதுவாக டொமைன் பெயர் வரைதான் தெரியும், அந்தத் தளத்தில் எந்தப் பக்கம், என்ன தட்டச்சு செய்தார் என்பது தெரியாது. இதைத் தாண்டிப் பார்க்க வைக்கும் வசதியைத்தான் டிஎல்எஸ் இன்ஸ்பெக்‌ஷன் என்று விற்பனையாளர்கள் ஆசையாகக் காட்டுவார்கள். ஒவ்வொரு கணினியிலும் உங்கள் ரூட் சான்றிதழை ('இந்தப் பெட்டியை நம்பலாம்' என்று கணினிக்குச் சொல்லும் கோப்பு) போட்டு, குறியாக்கத்தை நடுவில் பிரித்துப் பார்த்து, மறுபடி குறியாக்கி அனுப்புவது. அதன்பிறகு ஊழியரின் வங்கி பாஸ்வேர்டும் மருத்துவரிடம் கேட்ட கேள்வியும் உங்கள் பெட்டி வழியாகத் திறந்த கடிதமாகப் போகும், அந்தப் பெட்டிக்குள் ஒருவன் புகுந்துவிட்டால் மொத்தமும் அவன் கையில். போதாக்குறைக்குச் சில செயலிகள் இந்தச் சான்றிதழை ஏற்காமல் அப்படியே நின்றுவிடும். சின்ன அலுவலகத்துக்கு இது வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து. கட்டாயம் வேண்டும் என்றால் வங்கி, மருத்துவத் தளங்களுக்கு விலக்குக் கொடுங்கள், அலுவலகக் கணினிகளில் மட்டும் போடுங்கள். சொந்த போன்களுக்குத் தனி வைஃபை, அதில் வடிகட்டல் மட்டும்.

ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள், கீலாகர் (தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவுசெய்வது) இரண்டையும் தொடாதீர்கள். கீலாகர் வைத்தால் எல்லோருடைய பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் சேரும், திருடனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? பிரான்ஸில் கீபோர்டும் மவுஸும் அசையாத நிமிடங்களை எண்ணி, திரையையும் அவ்வப்போது படம் பிடித்த ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனத்துக்கு 2024 டிசம்பரில் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 40,000 யூரோ அபராதம் போட்டது.

மெயில் விஷயத்தில் இரண்டு அடுக்கு உண்டு. ஸ்பாம், வைரஸ் இருக்கிறதா என்று கேட்வே (மெயில் உள்ளே வரும் வாசலில் நிற்கும் சர்வர்) தானாகச் சோதிப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. "மெயில் வரவில்லை" என்ற புகாருக்கு அனுப்பியவர், பெறுபவர், நேரம் மூன்றும் போதும், சப்ஜெக்டைக் கூட மறைத்து வையுங்கள், ஏனென்றால் 'பரிசோதனை முடிவு' என்ற சப்ஜெக்டே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இன்னொரு அடுக்கு, மனிதர் ஒருவர் உட்கார்ந்து படிப்பது. அதற்கு எழுத்தில் கோரிக்கை வேண்டும்: என்ன சந்தேகம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, என்ன சொற்களைத் தேட வேண்டும். மனிதவளத் துறையிலிருந்து ஒருவர் கூட உட்கார வேண்டும். முக்கியமாக, பாஸ்வேர்டை மாற்றி அவர் கணக்கில் நுழையாதீர்கள். நுழைந்துவிட்டால் அப்புறம் அந்த மெயிலை அனுப்பியது அவரா நீங்களா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. கூகுள் வால்ட், மைக்ரோசாஃப்ட் பர்வியூ போன்ற, நிறுவன மெயிலைத் தேடுவதற்கான கருவிகளில் தேடினால் யார் என்ன தேடினார் என்பது பதிவாகும். அந்த வசதி நீங்கள் வாங்கியிருக்கும் திட்டத்தில் இருக்கிறதா என்று இப்போதே பார்த்து வையுங்கள்.

லாகை எத்தனை நாள் வைப்பது? ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் கூட எண் எதுவும் சொல்லாமல், தேவைக்கு மேல் வைக்காதே என்றுதான் சொல்கிறது. உங்கள் தொழிலுக்கென்று தனிச் சட்டம் இல்லையென்றால் 90 நாளில் தானாக அழியும்படி வையுங்கள், பேக்கப்பிலும் அழிகிறதா என்று சோதியுங்கள், அங்கேதான் பழைய லாக் வருடக்கணக்கில் தூங்கும்.

அட்மின் செய்வதும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவு அட்மினே அழிக்க முடியாத வேறு சர்வரில் இருக்க வேண்டும். இது உங்களுக்கும் பாதுகாப்பு. வேறு எதையோ தேடும்போது ஒருவரின் சொந்த விஷயம் கண்ணில் பட்டால் மூடிவிட்டு நகருங்கள், டீ குடிக்கும்போது கூடச் சொல்லாதீர்கள். பெரிய குற்றம் மாதிரி தெரிந்தால் மேலும் தோண்டாமல், அழிக்காமல், விதிமுறையில் பெயர் போட்டிருக்கும் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவரின் மெயில்பாக்ஸுக்கும் ஒரு வழி எழுதி வைக்க வேண்டும். போகும் முன் சொந்தக் கடிதங்களை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், "இவர் இப்போது இங்கே இல்லை, இன்னாரைத் தொடர்புகொள்ளவும்" என்று தானியங்கிப் பதில் போடுங்கள். மேனேஜர் முழு மெயில்பாக்ஸும் வேண்டும் என்பார். புதிதாக வரும் மெயிலை மட்டும் ஒரு மாதம் அவருக்குத் திருப்பிவிடுங்கள், பழையதில் ஏதாவது தேவைப்பட்டால் மேலே சொன்ன எழுத்துக் கோரிக்கைதான் வழி. மூடும் தேதியை அன்றைக்கே காலண்டரில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் மூன்று வருடம் கழித்தும் அது யாருக்கோ ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே இருக்கும்.