நுண்ணுயிர் ஆய்வுக்காகக் காட்டு மண்ணை ஆழம் ஆழமாக எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சறுக்கல், டேப்பின் பூஜ்யத்தை எங்கே வைப்பது என்பதில். ஒருவர் சருகின் மேலிருந்து அளப்பார், இன்னொருவர் சருகைத் தள்ளிவிட்டு அளப்பார். இருவர் சொல்லும் 5 செ.மீ.யும் ஒன்றல்ல. ஸ்வீடன் பைன் காட்டில், புதிதாக விழுந்த ஊசியிலைகளில் சருகு தின்னும் பூஞ்சைகள்தான் அதிகம். சில சென்டிமீட்டர் கீழே, மட்கிப்போன அடுக்கில், மரவேரோடு கூட்டு வாழும் மைக்கோரைசா பூஞ்சைகளின் கை ஓங்கிவிடுகிறது. இரண்டையும் ஒரே பையில் போட்டால் இந்த எல்லையே காணாமல் போகும். சருகையும் மட்கையும் தனித்தனியாக எடுத்து, தடிமனைக் குறித்துவிட்டு, அவற்றுக்குக் கீழே கனிம மண் (மணல், களிமண் போன்ற அடுக்கு) தொடங்கும் இடத்தில் பூஜ்யத்தை வையுங்கள்.

அடுத்து, 10 செ.மீ.யோடு நிறுத்திக்கொள்வது. அமெரிக்காவின் கொலராடோவில், கோர்டன் கல்ச் என்ற மலைக்காட்டில் 9 குழிகளை ஆராய்ந்து 2012இல் ஒரு கட்டுரை வந்தது. ஒரே குழிக்குள் மேலுக்கும் கீழுக்கும் தெரிந்த பாக்டீரியா வேறுபாடு, பலவகை நிலப்பரப்புகளின் மேல்மண்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டுக்கு ஈடாக இருந்ததாம். மேல்மண்ணை மட்டும் பார்த்துவிட்டு 'இந்தக் காட்டின் நுண்ணுயிர்கள்' என்று எப்படி எழுதுவது?

மேலிருந்து கீழாக மண் எடுப்பதையும் விடுங்கள். கை இயல்பாக அப்படித்தான் போகும், ஆனால் மேலே சுரண்டும்போது கருத்த மண் பொலபொலவென உதிர்ந்து கீழ் அடுக்கில் ஒட்டிக்கொள்ளும். கீழே உயிர்கள் குறைவு என்பதால் ஒரு சிட்டிகை விழுந்தாலும் கணக்கு கெடும். குழிச் சுவரைச் சீவிப் புதுமுகம் காட்டி, அடியிலிருந்து மேலே வாருங்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் கரண்டியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். இதே காரணத்துக்காகத்தான் ஆய்வகத்தில் மண்ணே போடாத ஒரு வெற்றுக் குழாயையும் சேர்த்து ஓட்ட வேண்டும். மண்ணிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிக்கும் கிட்டிலேயே இருக்கும் அழுக்கு டி.என்.ஏ. அடிமண்ணில்தான் பெரிதாகத் தெரியும்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் மோசமானது சதவீதத்தை எண்ணிக்கையாகப் படிப்பதுதான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மேல்மண் ஒரு கிராமில் 100 கோடி பாக்டீரியா, அதில் ஒரு வகை 2 சதவீதம் என்றால் 2 கோடி. அடிமண்ணில் மொத்தமே 1 கோடி, அதே வகை 10 சதவீதம் என்றால் வெறும் 10 லட்சம். வரைபடத்தில் ஐந்து மடங்கு ஏறியது போலத் தெரியும், உண்மையில் இருபதில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. மொத்த அளவைத் தெரிந்துகொள்ள க்யூ.பி.சி.ஆர். (டி.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் சோதனை) போன்ற ஒன்றைச் செய்யாமல் 'ஆழத்தில் பெருகுகிறது' என்று எழுதவே கூடாது.

அப்புறம், ஒரு குழியின் ஐந்து அடுக்குகள் ஐந்து தனி மாதிரிகள் ஆகிவிடாது. அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை. நேரம் குறைவாக இருந்தால் அடுக்குகளைக் குறைத்துக்கொண்டு இன்னும் இரண்டு குழி தோண்டுங்கள்.