பரம்பரை விழித்திரை நோய்: கிளினிக்குக்குப் போகுமுன் மூன்று தலைமுறையை வரையுங்கள்

அந்தி சாய்ந்தால் கால் இடறுவது, கரண்ட் போனதும் சொந்த வீட்டிலேயே சுவரைத் தடவி நடப்பது, பக்கத்தால் வரும் ஓட்டோ கண்ணில் படாமல் போவது. இவை இளவயதில் தொடங்கி மெல்ல மெல்லக் கூடினால் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசாவாக இருக்கலாம். ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் உண்டு. விழித்திரையில் இருளுக்கான கோல்கள் முதலில் அழியும், நிறத்துக்கான கூம்புகள் பிறகு அழியும். இதற்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் 80க்கு மேல். எதைத் தேடுவது என்பதற்கு முதல் தடயம் உங்கள் குடும்பம்தான்.

ஒரு பெரிய தாள் எடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். பார்வை குறைந்தவரைக் கறுப்பாக்குங்கள், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு இழுங்கள். சொந்தத்துக்குள் கலியாணம் முடித்தவர்களை இரட்டைக் கோட்டால் இணையுங்கள். தாய்வழி, தந்தைவழி இரண்டும் வேண்டும்.

“அம்மப்பாவுக்குக் கண் தெரியாமப் போயிற்று” என்ற பதில் போதாது. முதலில் இரவிலா, பகலிலா? எத்தனை வயதில்? ஒப்பரேஷன் செய்தபின் தெரிந்ததா? தெரிந்திருந்தால் பெரும்பாலும் வெறும் கற்றராக்ட் (கண்புரை). சீனி வருத்தம் இருந்ததா? காது மந்தம், பிறக்கும்போது ஆறாவது விரல் இருந்தால் அதையும் எழுதுங்கள். காது மந்தம் அஷர் நோயையும், ஆறாம் விரலோடு உடற்பருமனும் சேர்ந்தால் பார்டே-பீடல் நோயையும் நினைக்க வைக்கும்.

இனிப் படத்தைப் படியுங்கள். தலைமுறை தவறாமல், தகப்பனிலிருந்து மகனுக்கும் வந்திருந்தால் ஆட்சியான வகை, அதாவது பெற்றோரில் ஒருவரிடமிருந்து குறை வந்தாலே போதும். ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 வீத வாய்ப்பு. 1990இல் கண்டறியப்பட்ட ரொடொப்சின் மரபணு மாற்றம் இவ்வகை. பெற்றோருக்குக் குறையில்லை, பிள்ளைகளில் இருவர் மூவருக்கு மட்டும் உண்டு என்றால் பின்னடைவான வகை. தாய், தகப்பன் இருவரும் ஒரே மரபணுவின் குறையைக் கொடுத்தால்தான் இது வரும், சொந்தத்துக்குள் முடித்தால் அந்த வாய்ப்பு கூடும். ஒவ்வொரு கருவுக்கும் 25 வீதம்.

இங்கேதான் மட்டக்களப்பு, அம்பாறைக் குடும்பங்கள் ஏமாறுகின்றன. குடி என்ற குலப்பிரிவு இங்கே தாய்வழியாக வருவதால், மாமா மகளும் மாமி மகளும் வேறு குடி. அதனால் “நாங்க சொந்தத்துக்குள்ள முடிக்கல்ல, குடி வேற” என்று டொக்டரிடம் சொல்லிவிடுகிறார்கள். குடி வேறானாலும் இருவருக்கும் பாட்டன் பாட்டி ஒன்றே, மரபணுவில் எட்டில் ஒரு பங்கு பொதுவானது. மச்சான் மச்சாள் கலியாணத்துக்கு இரட்டைக் கோடு கட்டாயம் போடுங்கள்.

ஆண்களுக்கே வந்து, தாய்மாமனுக்கும் அவர் தங்கை மகனுக்கும் இருந்தால் எக்ஸ் நிறமூர்த்த வகை. பெரும்பாலும் ஆர்பிஜிஆர் மரபணு. நோயுள்ள தகப்பனிடமிருந்து மகனுக்கு வராது, ஆனால் மகள்மார் எல்லாரும் காவிகள், அதாவது குறையைச் சுமந்து பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடியவர்கள். அவர்களோ தாயின் குடி. நோய் அப்படிக் குடி மாறிப் பேரனிடம் தெரியும்போது பழைய தொடர்பு யாருக்கும் நினைவில் இருக்காது. காவியான தாயின் விழித்திரையில் சிலவேளை பொன்மினுக்கம் தெரியும், அவரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

டொக்டர் தேடும் அடையாளங்கள் மூன்று: எலும்பு முட்கள் போன்ற கறுப்பு நிறமித் திட்டுகள், மெலிந்த இரத்தக் குழாய்கள், மெழுகுபோல் வெளிறிய பார்வை நரம்புத் தலை. தொடக்கத்தில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். அப்போது விழித்திரையின் மின்னசைவை அளக்கும் ஈஆர்ஜி காட்டிக்கொடுக்கும். நடுப்பார்வை மட்டும் மங்கி, விழித்திரையில் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது பெரும்பாலும் ஸ்டார்கார்ட் என்ற வேறொரு பரம்பரை நோய், ஏபிசிஏ4 மரபணு. அவர்கள் விற்றமின் ஏ மாத்திரை விழுங்கக் கூடாது, பாதிப்பு கூடலாம். மறுபக்கம், விற்றமின் ஏ குறைபாட்டால் வரும் மாலைக்கண் மருந்துக்குத் தீரும். ஆகவே பெயர் வைக்குமுன் அதை விலக்க வேண்டும், கடையில் நீங்களாக வாங்கிக் குடிக்க வேண்டாம்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்கில் தொடங்கலாம். மேலதிகப் பரிசோதனைக்குக் கொழும்புத் தேசிய கண் வைத்தியசாலைக்கு அனுப்பக்கூடும். மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் அல்லது உமிழ்நீர் போதும். ஆர்பிஜிஆரின் ஓஆர்எஃப்15 பகுதியில் ஒரே மரபணு எழுத்துகள் திரும்பத் திரும்ப வருவதால் சாதாரணப் பரிசோதனை அதைத் தவறவிடக்கூடும். உங்கள் படம் எக்ஸ் வகை என்றால் அந்தப் பகுதியைத் தனியே பார்த்தார்களா என்று கேளுங்கள். “பொருள் தெளிவாகாத மாற்றம்” என்று முடிவு வந்தால் அது நோயை உறுதிசெய்யவில்லை. பெற்றோர் இருவரின் மாதிரியும் தேவைப்படும்.

மரபணுவின் பெயர் தெரிவது வீணல்ல. ஆர்பிஈ65 என்ற மரபணுவின் குறைபாட்டுக்கான மரபணுச் சிகிச்சைக்கு 2017இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. மற்ற வகைகளிலும் கற்றராக்ட்டும் நடுவிழித்திரை வீக்கமும் சிகிச்சைக்கு இடம்கொடுப்பவை, அதற்காகவே வருடாவருடம் காட்ட வேண்டும். போகும் நாளில் கண்மணியை விரிக்கும் சொட்டு விடுவார்கள், சில மணி நேரம் பார்வை மங்கலாகவும் வெளிச்சம் கூசவும் செய்யும். மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு, துணைக்கு ஆளும் கறுப்புக் கண்ணாடியும் வரைந்த தாளும் கொண்டுபோங்கள்.