மார்பகக் கதிர்வீச்சுச் சிகிச்சை: பக்கவிளைவுகளைக் கையாள்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் செலுத்தும்போது வலி தெரிவதில்லை. கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, சில நிமிடங்கள் அசையாமல் படுத்திருந்தால் அன்றைய சிகிச்சை முடிந்துவிடும். முதல் இரண்டு வாரங்கள் தோலும் பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். ‘எனக்கு ஒன்றும் ஆகவில்லை’ என்று தோல் பராமரிப்பைத் தள்ளிப்போடுவதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. மேல்தோலின் அடியடுக்கில் புதிய செல்களை உருவாக்கும் செல்களையே கதிர் பாதிக்கிறது; மேலே இருக்கும் பழைய அடுக்குகள் உதிரத் தொடங்கி, அவற்றுக்கு ஈடாகப் புதியவை போதுமான அளவு வராதபோதுதான் சிவப்பும் கருமையும் எரிச்சலும் வெளியே தெரிகின்றன. ஆகவே பாதிப்பு உச்சத்தை எட்டுவது பல நேரங்களில் கடைசி அமர்வு முடிந்து ஒன்று, இரண்டு வாரங்கள் கழித்துத்தான். சிகிச்சை முடிந்த மகிழ்ச்சியில் மென்மையான ஆடையையும் களிம்பையும் அன்றே கைவிடுபவர்கள், சரியாக அந்த நாட்களில்தான் துன்பப்படுகிறார்கள்.

கதிர்பட்ட இடத்தில் தண்ணீரே படக்கூடாது என்று நினைத்து வாரக்கணக்கில் கழுவாமல் விடுவதும் தவறு. வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவலாம்; தேய்க்கக்கூடாது, அவ்வளவுதான். மார்பகத்தின் அடிமடிப்பையும் அக்குளையும் தனியாகக் கவனியுங்கள். தோலோடு தோல் உரசி, வியர்வை தேங்கும் அந்த இடங்களில்தான் தோல் முதலில் உரிந்து நீர் கசியும். மெல்லிய பருத்தித் துணியை மடிப்புக்குள் வைத்து, துடைக்காமல் ஒற்றி எடுத்து, சிறிது நேரம் காற்றுப்பட விட்டால் நல்லது. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று அங்கே பவுடர் போட்டால் அது கட்டிபட்டு உரசலைக் கூட்டும். கதிர் செலுத்த வேண்டிய இடத்தைக் காட்டத் தோலில் குறியிடப்பட்ட மைக்கோடுகளை மட்டும் யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எரிச்சலுக்குப் பனிக்கட்டியோ வெந்நீர்ப் பையோ வைக்க வேண்டாம். அங்கே உணர்ச்சி குறைந்திருந்தால் தோல் மேலும் காயப்படுவது நமக்குத் தெரியாமலே போகும். பிறர் சொன்ன எண்ணெயையும் வீட்டு மருந்தையும் மருத்துவக் குழுவிடம் கேட்காமல் தடவவும் கூடாது. ஸ்டீராய்டு களிம்பு என்றாலே பயந்து ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள்; மருத்துவர் எழுதிக்கொடுத்த அளவில் பயன்படுத்தும்போது அது தோல் அழற்சியைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது.

களைப்பு வந்ததும் நாள் முழுவதும் படுத்துவிடுவது இயல்பாகத் தோன்றும், ஆனால் இந்தக் களைப்பு படுக்கையில் தீர்வதில்லை. உடல் இடம்கொடுக்கும் அளவு அன்றாடம் நடப்பவர்களுக்கு அது குறைவாக இருக்கிறது. அறுவைசிகிச்சைக்குப் பின் சொல்லித்தந்த தோள்பட்டைப் பயிற்சிகளை வலிக்குப் பயந்து நிறுத்தினால் தோள் இறுகும்; கதிர் எடுக்கும்போது கையை உயர்த்தி வைத்திருப்பதும் கடினமாகும்.

தோல் எரிகிறது, சோர்வாக இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாமல் ஓரிரு அமர்வுகளுக்குப் போகாமல் இருந்துவிடுவது எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை. கணக்கிட்ட கால அட்டவணையில் விழும் இடைவெளி சிகிச்சையின் பயனையே குறைக்கக்கூடும். புண்ணுக்கு மருந்துக்கட்டு, வலிக்கு மாத்திரை என்று குழுவிடம் வழிகள் இருக்கின்றன, கேட்டால்தான் கிடைக்கும். அதிக அளவு வைட்டமின், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைகளை அவர்களுக்குத் தெரியாமல் சாப்பிடவும் வேண்டாம், அவை கதிரின் வேலைக்குக் குறுக்கே நிற்கக்கூடும் என்ற கவலை மருத்துவர்களிடம் இருக்கிறது. புகைப்பிடிப்பவர்கள் கட்டாயம் நிறுத்த வேண்டும்.

குழந்தைகளைத் தள்ளி வைப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வெளியிலிருந்து செலுத்தும் கதிர் உடலில் தங்குவதில்லை. அணைத்துக்கொள்ளலாம், பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளலாம். நோயோடு போராடுபவரிடமிருந்து அந்த ஆறுதலையும் பறிக்க எந்தக் காரணமும் இல்லை.

காய்ச்சல், துர்நாற்றத்துடன் நீர்க்கசிவு, கை வீக்கம் இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குள் வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ வந்தால் சாதாரணச் சளி என்று விட்டுவிட வேண்டாம். அது கதிரால் ஏற்பட்ட நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். வேறொரு மருத்துவரிடம் போனால், மார்பில் எந்தப் பக்கம், எப்போது கதிர்வீச்சு எடுத்துக்கொண்டீர்கள் என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.