சரிகிற அலுமாரியைக் கடைக்குத் திருப்பிக் கொடுப்பது எப்படி?

போன வருசம் ரவுணில் ஒரு கடையில் நாலு லாச்சி அலுமாரி வாங்கினோம். வீட்டில் வைத்து மேல் லாச்சி இரண்டையும் ஒன்றாக இழுத்ததும் அப்படியே முன்னுக்குச் சரிந்தது. நல்லகாலம், மகள் பக்கத்தில் இல்லை. கடைக்குப் போனால், "பார்த்துத்தானே அண்ணை வாங்கினீங்கள்?" மூன்று தரம் அலைந்த பிறகுதான் வழி பிடிபட்டது.

முதல் வேலை, பிழை நிலத்திலா சாமானிலா என்று பார்ப்பது. எங்கள் பழைய சீமெந்து நிலங்களில் நல்ல அலுமாரியும் ஆடும். ரசமட்டம் வைத்துப் பாருங்கள், அல்லது வேறு அறைக்கு மாற்றுங்கள். அங்கேயும் சரிகிறதா? பிள்ளைகளை வெளியே விட்டு, ஒருவர் அலுமாரியை இறுக்கிப் பிடிக்க, மற்றவர் லாச்சியை மெல்ல இழுக்க, வீடியோ எடுங்கள். பிறகு அலுமாரியை மல்லாத்திப் படுக்க வைத்துவிடுங்கள். காலுக்குக் கட்டை கொடுப்பது, ஆணி அடிப்பது ஒன்றும் வேண்டாம். பிறகு "நீங்கள்தான் பழுதாக்கினீர்கள்" என்பார்கள்.

அடுத்தது பற்றுச்சீட்டு. கேட்டால் கடைக்காரர் கொடுத்தே ஆகவேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது.

சரி, அந்தப் "பார்த்துத்தானே வாங்கினீங்கள்" கதைக்கு என்ன பதில்? 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, கடைக்காரர் விற்கும் சாமான் விற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். பார்த்து வாங்கியிருந்தால், பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டிய பிழைக்குத்தான் அந்தப் பாதுகாப்பு இல்லை. மேலே கீறல் இருந்தால் அது உங்கள் கவனக்குறைவு. லாச்சிக்குள் உடுப்பு ஏறிய பிறகு சரிவது கடையில் எப்படித் தெரியும்? ஆனால் நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்க இதைப் பிடிக்காதீர்கள்.

வாயால் சண்டை போடாமல் கடிதம் எழுதுங்கள். வாங்கிய திகதி, பற்றுச்சீட்டு இலக்கம், "இரண்டு லாச்சி திறந்தால் முன்னுக்குச் சரிகிறது, மாற்றித் தாருங்கள் அல்லது பணத்தைத் தாருங்கள்", பதில் தரவேண்டிய நாள். இவ்வளவு போதும். பிரதியில் கையெழுத்து வாங்குங்கள்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விசாரியுங்கள், கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்கவேண்டும், அதுவும் வாங்கி மூன்று மாதத்துக்குள். "அடுத்த கிழமை வாங்கோ" என்று கடைக்காரர் இழுத்தடிப்பதில் இந்த நாள்தான் கரைந்துபோகும். விசாரித்துவிட்டு மாற்றிக் கொடுக்கவோ, பணத்தைத் திருப்பவோ, நட்டஈடு கட்டவோ சபை உத்தரவிடலாம்.

எங்கள் விசயம் அதுவரை போகவில்லை. பிரதியில் கையெழுத்துக் கேட்ட அன்று பின்னேரமே முதலாளி பட்டா வாகனத்தை அனுப்பிவிட்டார்.