ஏறும் அரை நிமிடம், இறங்கும் அரை நிமிடம்

போன வருடம் அம்மா பேருந்திலிருந்து இறங்கும்போது, ஒரு காலைத் தரையில் ஊன்றி மற்ற காலைப் படியிலிருந்து எடுப்பதற்குள் கண்டக்டர் ரெண்டு விசில் கொடுத்துவிட்டார். நான் கீழே நின்றிருந்ததால் பிடித்துக்கொண்டேன். வண்டி ஓடும்போதுதான் நமக்குப் பயமெல்லாம், ஆனால் நாம் பக்கத்தில் இருக்க வேண்டியது ஏறி இறங்கும் அந்த அரை நிமிடத்தில்தான்.

முதலில் வயதானவர்கள். ஸ்டாப் தவறிவிடுமோ என்று முன்கூட்டியே எழுந்து நிற்பார்கள், பிரேக் போட்டதும் தடுமாறுவார்கள். டிக்கெட் வாங்கும்போதே, சென்னையில் என்றால் மூத்த குடிமக்களுக்கான இலவசப் பயண டோக்கனைக் கொடுக்கும்போதே, "இறங்க நேரமாகும்ப்பா, வண்டி நின்னப்புறம்தான் எழுந்திருப்பேன்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். கதவுக்குப் பக்கத்து சீட் நல்லது, கடைசி சீட் வேண்டவே வேண்டாம், ஒவ்வொரு பள்ளத்துக்கும் தூக்கிப்போடும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். பையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களுக்குக் கம்பியைப் பிடிக்கக் கை வேண்டும். கூடப் போகிறவர் எப்போதும் கீழ்ப்படிப் பக்கம், அதாவது ஏறும்போது அவர்களுக்குப் பின்னால், இறங்கும்போது முன்னால். தரையில் கால் வைக்கும் முன் இடது பக்கம் பாருங்கள், பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவில் பைக் நுழைந்து வரும்.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நாமே செய்யும் தப்பு ஒன்று உண்டு. வேன் நிற்கும்போது சாலைக்கு எதிர்ப்புறம் நின்று கையசைக்கிறோம். அம்மாவைப் பார்த்த பிள்ளை வேறெதையும் பார்க்காமல் ஓடி வரும். தயவுசெய்து வேன் கதவு திறக்கும் பக்கமே போய் நில்லுங்கள். வேனுக்கு ஒட்டி முன்னால் குனிகிற பிள்ளை டிரைவர் கண்ணில் படாது, அதனால் தண்ணீர் பாட்டில் உருண்டு போனாலும் எடுக்கக் குனியக் கூடாது, பெரியவர்களிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுங்கள்.

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, ஓடும் பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் வந்தன, பள்ளி திறக்கும் முன் ஆர்.டி.ஓ. ஆய்வும் நடக்கிறது. இருந்தாலும் ஒரு நாள் நீங்களே வண்டிக்குள் ஏறி, கீழே போட்டிருக்கும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள், அவசரக் கதவு திறக்கிறதா என்று திறந்தே பாருங்கள். யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

சக்கர நாற்காலியில் வருபவர்களுக்காகச் சென்னையில் 2024 ஆகஸ்ட் முதல் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடுகின்றன. வண்டி ஏறும் பக்கமாகச் சற்றுத் தாழும், சாய்தளமும் உண்டு. ஆனால் நடைபாதையை ஒட்டி நிறுத்தினால்தான் அதனால் பயன், அதனால் தூரத்தில் வரும்போதே நன்றாகக் கையைக் காட்டுங்கள். உள்ளே போனதும் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பெல்ட்டை மாட்டிய பிறகே வண்டியை எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பார்வை இல்லாதவர் ஸ்டாப்பில் நின்றால் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். "உதவட்டுமா?" என்று கேளுங்கள், சரி என்றால் உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். வண்டி வந்ததும் எண்ணைச் சொல்லி, அவர் கையைப் படிக்கட்டுக் கம்பியில் வைத்துவிட்டு, எங்கே இறங்க வேண்டும் என்று கண்டக்டர் காதில் விழும்படி சொல்லிவிடுங்கள்.